டை ஊசியும் கடோலினியமும்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஆராய்ச்சிப் படிப்பில் ஐந்து வருடம் லாந்தனைடு (அருமண் உலோக) அணைவுச் சேர்மங்களோடு போனது. இது சொந்தபந்தத்துக்குத் தெரிந்த நாள் முதல், ஸ்கேன் சீட்டோடு வருகிறவர்களுக்கும் புராஜெக்ட் தேடும் எம்.எஸ்சி. பிள்ளைகளுக்கும் நான்தான் ஆள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. கேட்டவர்கள் சொன்ன சொல்லிலேயே அவற்றை எழுதி, கீழே பதிலும் வைத்திருக்கிறேன். நான் மருத்துவரல்ல. ஊசி வேண்டுமா வேண்டாமா என்பதை உங்கள் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். அந்தக் குப்பிக்குள் இருப்பது என்ன, ஏன் அப்படி இருக்கிறது என்பது மட்டும்தான் என் பாடு.

"சாதா எம்ஆர்ஐ எடுத்தாச்சு. இப்ப டை போட்டு மறுபடி எடுக்கணும்னு சொல்லுதாவ. முதல்ல எடுத்தது சரியில்லையா?"

சரியாகத்தான் இருக்கும். எம்ஆர்ஐ படம் பிடிப்பது உடம்பில் உள்ள வெள்ளத்தை. விளவங்கோடு பக்கத்துக்காரர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டாம்; மற்றவர்கள் தண்ணீர் என்று படித்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் உள்ள ஒவ்வொரு ஹைட்ரஜன் கருவும் ஒரு குட்டிக் காந்தம். பெரிய காந்தக் குழாய்க்குள் படுத்ததும் அவற்றில் சிறு மிகுதி ஒரு திசைக்குச் சாய்கிறது. ரேடியோ அலையால் தட்டிவிட்டால் புரண்டு, மெல்ல மெல்ல பழைய சாய்வுக்கே திரும்புகிறது. திரும்புவதற்கு ஆகும் நேரத்துக்கு டி1 என்று பெயர். கொழுப்பில் அது குறைவு, மூளையைச் சுற்றியுள்ள நீரில் அதிகம். படத்தில் தெரியும் வெளுப்பும் கறுப்பும் இந்த நேர வித்தியாசம்தான்.

சில கட்டிகளுக்கும் பக்கத்துத் திசுவுக்கும் டி1 கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். அப்போது எது எதுவென்று பிரியாது. கட்டியில் ரத்தக்குழாய்கள் ஒழுகும் தன்மை உள்ளவை என்பதால் ஊசி மருந்து அங்கே கசிந்து தங்கும். தங்கிய இடத்தில் டி1 சுருங்கும், அந்த இடம் வெளுப்பாகத் தெரியும்.

"சிடி ஸ்கேனுக்குப் போடுற டையும் இதுவும் ஒண்ணுதானே?"

இல்லை. சிடியில் போடுவது அயோடின் சேர்மம். அது எக்ஸ் கதிரைத் தடுக்கிறது, படத்தில் தெரிவதும் அயோடினேதான். எம்ஆர்ஐ ஊசியில் இருப்பது கடோலினியம் என்னும் உலோகத்தின் அணைவு, அதாவது உலோகத்தை இன்னொரு மூலக்கூறு சுற்றிப் பிடித்திருக்கும் சேர்மம். படத்தில் அந்த உலோகம் தெரிவதே இல்லை. அதன் பக்கத்தில் வந்துபோன தண்ணீர்தான் தெரிகிறது. இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் தானாகவே கிடைத்துவிடும்.

இரண்டிலும் நிறம் எதுவும் கிடையாது. 'டை' என்பது வாய்ப்பழக்கம். கடோலினியக் குப்பியைத் தூக்கிப் பார்த்தால் வெறும் தண்ணீர் மாதிரிதான் இருக்கும்.

"நம்ம மணவாளக்குறிச்சி மண்ணுல உள்ள சாமானத்தையாக்கும் ஊசியில ஏத்துதாவ?"

அதே குடும்பம்தான். மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், கார்னெட் ஆகியவற்றோடு மோனசைட்டும் இருக்கிறது. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் இங்கே மோனசைட்டைக் கண்டுபிடித்தார். திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணல்தான் அவரை இந்தக் கரைக்கு இழுத்து வந்தது. அன்று மோனசைட்டைத் தேடியது அதிலிருந்த தோரியத்துக்காக. கேஸ் விளக்கு மேண்டிலுக்கு அது தேவைப்பட்டது. கூடவே இருந்த சீரியம், லாந்தனம், நியோடிமியம் முதலியவற்றுக்கு மவுசு பிறகுதான் வந்தது.

மோனசைட்டின் அருமண் பங்கில் கடோலினியம் ஒன்றிரண்டு விழுக்காடு அளவில்தான் இருக்கும். மணவாளக்குறிச்சி ஆலையில் நடப்பது மணலைத் தாது தாதாகப் பிரிக்கும் வேலை. உங்களுக்கு ஏற்றிய கடோலினியம் எந்தக் கரையிலிருந்து வந்தது என்று குப்பியைப் பார்த்துச் சொல்ல முடியாது. அருமண் சந்தையில் பெரும்பங்கு சீனாவுடையது.

இதில் எனக்குப் பிடித்த ஒரு சங்கதி உண்டு. ஆலையில் மோனசைட்டைச் சிர்க்கானிலிருந்து பிரிக்கக் காந்தம் வைக்கிறார்கள். மோனசைட் லேசாகக் காந்தத்துக்கு இழுபடும், சிர்க்கான் இழுபடாது. இழுபடுவதற்குக் காரணம் லாந்தனைடு அயனிகளில் துணையில்லாமல் நிற்கும் எலக்ட்ரான்கள். ஸ்கேன் அறையில் டி1-ஐச் சுருக்குவதும் அதே துணையில்லா எலக்ட்ரான்கள்தான்.

"அப்படின்னா அதுல கதிர்வீச்சு இருக்குமே? எங்க கரையில அதைப் பத்தித்தானே பேச்சு?"

நம் கரையில் இயற்கைக் கதிர்வீச்சு கூடுதலாக இருப்பதற்குக் காரணம் மோனசைட்டில் உள்ள தோரியம். மருந்துக்குப் போகும் கடோலினியம் பல கட்டம் சுத்திகரித்துப் பிரித்தெடுத்தது, அதில் தோரியம் வராது. எம்ஆர்ஐ எந்திரமும் எக்ஸ் கதிர் பயன்படுத்துவதில்லை. மணலையும் ஊசியையும் ஒரே பயத்தில் கட்ட வேண்டாம். ஊசியைப் பற்றிக் கவலைப்பட வேறு காரணங்கள் உண்டு, கீழே வரும்.

"லாந்தனைடு பதினஞ்சு இருக்கே சார், கடோலினியம் மட்டும் என்ன ஒசத்தி?"

அணு எண் 64. மும்மை நேர் அயனியாகும்போது 4எஃப் கூட்டில் ஏழு எலக்ட்ரான் மிஞ்சும், ஏழு ஆர்பிட்டாலில் ஆளுக்கொன்றாக. வேறெந்த லாந்தனைடு மும்மை அயனியிலும் துணையில்லா எலக்ட்ரான் ஏழு கிடையாது. பரீட்சைக்கு இவ்வளவு எழுதினால் போதும். ஆனால் இது பாதிப் பதில்தான்.

காந்தத் திருப்புத்திறனை மட்டும் பார்த்தால் டிஸ்ப்ரோசியமும் ஹோல்மியமும் கடோலினியத்தை முந்தும். அவற்றுக்குச் சுமார் 10.6 போர் மேக்னட்டான், கடோலினியத்துக்கு 7.9. ஆனாலும் அவை டி1 வேலைக்கு ஆகா. அவற்றின் எலக்ட்ரான் காந்தம் பிக்கோவிநாடியில் ஒரு சிறு பங்கு நேரத்துக்குள் திசை மாறிக்கொண்டே இருக்கும். அத்தனை வேகமாகத் துடிப்பது ஹைட்ரஜன் கருவின் காதில் ஏறாது. கடோலினியத்தில் கூடு சரிபாதி நிரம்பியிருப்பதால் ஆர்பிட்டால் சுழற்சியின் பங்கு சுழியம். ஆகவே அதன் எலக்ட்ரான் காந்தம் நானோவிநாடிக் கணக்கில் நிலைத்து நிற்கிறது. காந்தம் பெரிதாக இருந்தால் மட்டும் போதாது, நிதானமும் வேண்டும்.

"அவ்வளவு நல்ல சாமானம்னா கடோலினியம் குளோரைடையே கரைச்சு ஏத்திரலாமே? ஈனி கீனின்னு எதுக்குச் செலவு?"

ஏற்றினால் ஆபத்து. ஈனி என்பது உலோகத்தைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறு; அது இல்லையென்றால் உலோகம் தனி அயனியாகத் திரியும். கடோலினியம் அயனி கால்சியம் அயனியின் உருவத்துக்கு மிகக் கிட்டே வருகிறது: சுற்றி ஆறு அணு பிடித்திருக்கும்போது ஆரம் 0.94 ஆங்ஸ்ட்ராம், கால்சியத்துக்கு 1.00. மின்சுமை மட்டும் ஒன்று கூடுதல். கால்சியம் நுழைய வேண்டிய வாசலில் இது போய் அடைத்துக்கொள்ளும். நரம்பும் தசையும் இதயமும் கால்சியத்தை நம்பி ஓடுகிறவை. போதாததற்கு ரத்தத்தில் உள்ள பாஸ்பேட்டோடு சேர்ந்து கரையாத தூளாகி ஈரலிலும் மண்ணீரலிலும் படியும். மோனசைட்டே ஒரு பாஸ்பேட் தாதுதான். பாஸ்பேட்டோடு லாந்தனைடுக்கு உள்ள ஒட்டுறவு பழையது.

"கிலேட்னா நண்டுக் கொடுக்குன்னு வகுப்புல சொன்னீங்க. கடோலினியத்தைப் பிடிக்க எத்தனை கொடுக்கு வேணும்?"

அந்தச் சொல் கிரேக்கத்தில் நண்டின் கொடுக்கைக் குறிப்பது. நம் பாடநூலிலும் கொடுக்கு இணைப்பு என்றே இருக்கிறது. குளச்சல் சந்தையில் உயிர் நண்டிடம் விரலைக் கொடுத்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இந்த மருந்துகளில் கடோலினியத்தின் அணைவு எண் 9, அதாவது அதைச் சுற்றி ஒன்பது பிடி இடம். அதில் எட்டு இடத்தை ஈனி பிடிக்கிறது. 1988-இல் அமெரிக்காவில் முதலாவதாக அனுமதி பெற்ற மருந்தில் ஈனி டிடிபிஏ: மூன்று நைட்ரஜன், ஐந்து கார்பாக்சிலேட். நீளமான சங்கிலி போன்ற மூலக்கூறு அது. இன்னொன்று டோட்டா: நான்கு நைட்ரஜன் கொண்ட வளையம், ஒவ்வொரு நைட்ரஜனிலும் ஒரு கார்பாக்சிலேட் கை. நீங்கள் டைட்ரேஷனுக்கு எடுக்கும் இடிடிஏ-வுக்கு ஆறு பிடிதான், அது போதாது. பிடியின் பலத்தைச் சொல்லும் நிலைப்பு மாறிலியின் மடக்கை மதிப்பு இடிடிஏ-வுக்கு 17-ஐ ஒட்டி, டிடிபிஏ-வுக்கு 22.5, டோட்டாவுக்கு 25-ஐ ஒட்டி. ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு என்பதை மறக்க வேண்டாம்.

"எட்டோட ஏன் நிறுத்தணும்? ஒன்பதையும் கட்டிப்போட்டா இன்னும் பத்திரம்தானே?"

பத்திரம்தான், ஆனால் மருந்தாக உதவாது. ஒன்பதாவது இடம் தண்ணீருக்கு. அங்கே வந்து உட்காரும் தண்ணீர் மூலக்கூறின் ஹைட்ரஜன், உலோகத்திலிருந்து சுமார் 3.1 ஆங்ஸ்ட்ராம் தூரத்தில் இருக்கிறது. உலோகக் காந்தத்தின் பாதிப்பு தூரத்தின் ஆறாம் அடுக்கில் தேய்கிறது. அதாவது தூரம் இரட்டித்தால் பலன் 64-இல் ஒரு பங்கு. எனவே தொட்டு உட்கார்ந்தால்தான் நல்ல பலன். டி1 சுருங்கிய தண்ணீர் எழுந்து போகும், அடுத்தது வந்து உட்காரும். இப்படி ஒரு கடோலினியம் சுற்றியுள்ள எத்தனையோ தண்ணீருக்கு வேலை செய்துவிடுகிறது. வாசலை முழுக்க அடைத்துவிட்டால் வெளியே ஓடும் தண்ணீருக்குக் கிடைக்கும் மிச்சம் மீதிதான்.

இந்தத் துறையின் இழுபறி முழுவதும் இங்கேதான். உலோகம் வெளியே போகக் கூடாது, தண்ணீர் மட்டும் உள்ளே வந்துபோக வேண்டும்.

"ஒரு ஆளுக்கு எவ்வளவு ஏத்துதாவ? கணக்கு போட்டுக் காட்டுங்க."

வழக்கமான அளவு கிலோவுக்கு 0.1 மில்லிமோல். 60 கிலோ ஆளுக்கு 6 மில்லிமோல். குப்பியில் லிட்டருக்கு 0.5 மோல் செறிவென்றால் 12 மில்லிலிட்டர். அதில் உலோகம் மட்டும் 943 மில்லிகிராம், ஒரு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. நம் ஊர்க் கணக்கில் பவனில் எட்டில் ஒரு பங்கு எடை.

மருந்து செல்லுக்குள் போகாது, செல்களுக்கு வெளியே உள்ள நீரில்தான் பரவும். அந்த நீர் உடல் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. ஆகச் செறிவு லிட்டருக்கு 0.5 மில்லிமோல். லிட்டருக்கு ஒரு மில்லிமோல் மருந்து, தளர்வு வேகத்தை (ஒன்றை டி1-ஆல் வகுத்தது) விநாடிக்கு எவ்வளவு கூட்டும் என்பதைத் தளர்வுத்திறன் என்போம். இந்த மருந்துகளுக்கு அது சுமார் 4. திசுவின் டி1 ஒரு விநாடி என்று வையுங்கள், வேகம் 1. அதோடு 4 பெருக்கல் 0.5, அதாவது 2 சேர்ந்தால் 3. புதிய டி1 மூன்றில் ஒரு விநாடி. மருந்து தங்காத பக்கத்துத் திசு ஒரு விநாடியிலேயே நிற்கும். படத்தில் வெளுப்பு வந்த கணக்கு இதுதான்.

"நிலைப்பு மாறிலி அதிகம் உள்ளதுதான் நல்ல மருந்துன்னு எழுதினேன். மார்க்கைக் குறைச்சிட்டாவ, ஏன்?"

குறைத்தவர் சரியாகத்தான் குறைத்திருக்கிறார். நானும் முதல் வருடம் அப்படித்தான் நம்பினேன். கடோபியூட்ரால் என்ற வளைய அணைவின் மடக்கை மதிப்பு 21.8. சங்கிலி அணைவான டிடிபிஏ-வுக்கு 22.5. அட்டவணையைப் பார்த்தால் டிடிபிஏ மேல். இரண்டையும் பிஹெச் 1 அமிலத்தில் போட்டால் டிடிபிஏ விநாடிகளில் பிரிந்துவிடும், கடோபியூட்ரால் மணிக்கணக்கில் தாங்கும். அதே அமிலத்தில் கடோலினியம் டோட்டா பாதியாகக் குறைய 300 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது.

மாறிலி சொல்வது, எல்லாம் ஓய்ந்து சமநிலைக்கு வந்தபின் யார் பக்கம் எவ்வளவு என்பதை. உடம்பில் அந்தச் சமநிலை வருவதே இல்லை. மருந்து ஒன்றரை மணி நேரத்தில் பாதி வெளியேறிவிடுகிறது. அந்த நேரத்துக்குள் பிடி தளருமா என்பதே கேள்வி. கட்டுமரத்துக் கயிற்றை ஒரு முனையில் பிடித்து இழுத்தால் சுற்றுச் சுற்றாக அவிழ்ந்து வரும். சங்கிலி ஈனியும் அப்படி, ஒரு கை விட்டதும் அந்த இடத்தில் புரோட்டானோ துத்தநாகமோ புகுந்து அடுத்த கையையும் விடுவிக்கிறது. வளையத்துக்கு முனை கிடையாது. அதன் நைட்ரஜன்கள் நான்கும் உள்நோக்கியே கட்டப்பட்டிருக்கின்றன. ஒரு கை விட்டாலும் மற்றவை உலோகத்தை நகரவிடாததால் விட்ட கை திரும்பப் பிடித்துக்கொள்கிறது.

இன்னொரு பாடமும் இதில் உண்டு. டிடிபிஏ அணைவுக்கு எதிர்மின்சுமை 2 இருப்பதால் குப்பிக் கரைசலின் சவ்வூடு அழுத்தம் ரத்தத்தைவிடப் பல மடங்கு அதிகம். அதைக் குறைக்க, இரண்டு கார்பாக்சிலேட்டை அமைடாக்கிச் சுமையில்லாத அணைவு செய்தார்கள். நோக்கம் நல்லது. ஆனால் மடக்கை மதிப்பு 22.5-இலிருந்து 16.9-க்கு இறங்கிவிட்டது, கிட்டத்தட்ட நாலு லட்சம் மடங்கு. ஈடுகட்டக் குப்பியிலேயே கொஞ்சம் உபரி ஈனியையும் சேர்த்து வைத்தார்கள். பிடி போதாது என்று செய்தவர்களுக்கே தெரிந்திருந்தது என்றுதான் நான் இதை வாசிக்கிறேன்.

"கிட்னிக்காரங்களுக்கு ஆகாதுன்னு சொல்லுதாவளே, அது உண்மையா?"

உண்மை. அதற்கான காரணமும் மேலே உள்ள பதிலில்தான் இருக்கிறது. சிறுநீரகம் சரியாக இல்லாதவர்களின் தோலும் மூட்டும் மரக்கட்டை போல் இறுகும் ஒரு நோய் 1997-இல் முதன்முதலில் கவனிக்கப்பட்டு 2000-இல் மருத்துவ இதழில் வெளியானது. கடோலினிய ஊசியோடு அதற்குத் தொடர்பு இருப்பதாக 2006-இல் ஐரோப்பிய மருத்துவர்கள் எழுதினார்கள். 2007-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கறுப்புக் கட்ட எச்சரிக்கை போடச் சொன்னது. சிறுநீரகம் ஓய்ந்தவர் உடம்பில் மருந்து ஒன்றரை மணி நேரத்துக்குப் பதில் ஒரு நாளுக்கும் மேல் சுற்றும். சங்கிலி அணைவு அவிழ அவ்வளவு அவகாசம் தாராளம். நோய் பெரும்பாலும் சங்கிலி வகை மருந்துகளோடுதான் கண்டது, வளைய வகையில் மிக அபூர்வம்.

ஆகவே ஸ்கேன் மையத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகச் சோதனை) சீட்டைக் கேட்டால் சலித்துக்கொள்ள வேண்டாம். டயாலிசிஸில் இருப்பவர், சர்க்கரை நோய் பல வருடமாக உள்ளவர், கர்ப்பிணி ஆகியோர் ஊசிக்கு முன்னாலேயே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

"கிட்னி நல்லாயிருந்தாலும் மூளையில தங்கிரும்னு வாட்சப்புல வந்ததே?"

வாட்சப்பில் வந்ததில் இது ஓரளவு சரியான செய்தி. 2014-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், பலமுறை ஊசி போட்டவர்களின் மூளையில் இரண்டு இடங்கள் ஊசி போடாத படத்திலும் வெளுப்பாக இருப்பதைக் காட்டினார்கள். பிறகு அங்கே கடோலினியம் இருப்பதும் உறுதியானது. சங்கிலி மருந்தில் அதிகம், வளைய மருந்தில் மிகக் குறைவு. சிறுநீரகம் நன்றாக உள்ளவருக்கு மூளையில் தங்கியதால் இன்ன கேடு என்று நிறுவப்படவில்லை. இருந்தாலும் ஐரோப்பிய மருந்து முகமை 2017-இல் சங்கிலி வகையில் பெரும்பாலானவற்றை நிறுத்தச் சொன்னது. ஈரல் படத்துக்குத் தேவைப்படும் ஒன்றிரண்டை விட்டுவைத்தது. அமெரிக்காவில் தடை இல்லை, நோயாளிக்குத் தகவல் தாள் கொடுக்க வேண்டும் என்றார்கள்.

என் அத்தைக்கு எடுத்தபோது நான் கேட்டது ஒரே கேள்வி: "வளைய வகையா, சங்கிலி வகையா?" டெக்னீசியன் குப்பியைத் திருப்பிப் பார்த்துச் சொன்னார். நீங்களும் கேட்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

"டோட்டா அவ்வளவு சீக்கிரம் விடாதுன்னா, அதுக்குள்ள உலோகத்தை எப்படி நுழைச்சீங்க?"

நல்ல கேள்வி. வெளியே வரத் தயங்குவது உள்ளே போகவும் தயங்கும். முதலில் கடோலினியம் வெளிக்கைகளான கார்பாக்சிலேட்டில் தொற்றிக்கொண்டு நிற்கும். வளையத்து நைட்ரஜன்களில் ஒட்டியிருக்கும் புரோட்டான் போனபிறகே உள்ளே இறங்கும். பிஹெச் 5-க்கும் 6-க்கும் நடுவில் வைத்து, சூடாக்கி, இரவு முழுக்கக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். பிஹெச் ஏறினால் கடோலினியம் ஹைட்ராக்சைடாக வெள்ளையாகப் படியும், இறங்கினால் நைட்ரஜன் புரோட்டானை விடாது.

என் முதல் அணைவுக்கு விளைச்சல் 104 விழுக்காடு வந்தது. அன்றே சந்தேகப்பட்டிருக்க வேண்டும், நானோ ஆய்வுக்கூடம் முழுக்க டீ வாங்கிக் கொடுத்தேன். தளர்வுத்திறன் அளந்தால் எதிர்பார்த்ததைவிட மிக அதிகம், மகிழ்ச்சி இரட்டித்தது. ஒரு வாரம் கழித்து மூத்த மாணவி ஒருவர், கட்டுப்படாத உலோகத்தைக் காட்டிக்கொடுக்கும் சாயமான சைலினால் ஆரஞ்சு இரண்டு சொட்டு விட்டார். மஞ்சளாகவே நிற்க வேண்டியது ஊதாவாகிவிட்டது. கட்டுப்படாத கடோலினியம் கூடவே கிடந்திருக்கிறது. சும்மா இருக்கும் அயனியைச் சுற்றி எட்டு ஒன்பது தண்ணீர் உட்காரும் என்பதால் அளவீட்டை அதுவே ஏற்றிவிட்டது.

"தளர்வுத்திறன் 4 தான்னு சொன்னீங்க. நாப்பது ஆக்க முடியாதா? முடிஞ்சா பத்தில் ஒரு பங்கு மருந்து போதுமே?"

கோட்பாட்டுப்படி முடியும். அதற்காகத்தான் இத்தனை பேர் மெனக்கெடுகிறார்கள். திருகிப் பார்க்க மூன்று இடம் உண்டு: உட்காரும் தண்ணீரின் எண்ணிக்கை, அது இடம் மாறும் வேகம், அணைவு முழுவதும் உருளும் வேகம்.

உருள்வதில்தான் பெரிய நட்டம். 1.5 டெஸ்லா (காந்தப் புலத்தின் அலகு) எந்திரத்தில் ஹைட்ரஜன் கரு விநாடிக்குச் சுமார் 6.4 கோடி முறை சுழல்கிறது. அதைத் தட்டித் திருப்ப, ஏறக்குறைய அதே தாளத்தில் ஏறி இறங்கும் காந்த அலைச்சல் வேண்டும், அதாவது இரண்டரை நானோவிநாடி அளவில். சின்ன அணைவு தண்ணீரில் 0.1 நானோவிநாடிக்கும் குறைவான நேரத்தில் உருண்டுவிடுகிறது. முட்டத்தில் அலை வரும்போது பாருங்கள், சிறு வள்ளம் படபடவென்று ஆடும், விசைப்படகு நிதானமாக ஆடும். விசைப்படகோடு சேர்த்துக் கட்டினால் வள்ளத்தின் ஆட்டமும் நிதானப்படும். அப்படி ரத்தத்து ஆல்புமின் புரதத்தோடு ஒட்டும்படி செய்த மருந்துதான் கடோபாஸ்வெசெட். ஒட்டியதும் தளர்வுத்திறன் பல மடங்கு ஏறியது. ரத்தக்குழாய்ப் படத்துக்கு அனுமதியும் பெற்றது. பிறகு விற்பனை போதாமல் சந்தையை விட்டே போயிற்று. வேதியியல் ஜெயித்து வியாபாரம் தோற்ற கதை அது.

ஒரு எச்சரிக்கை. நீளமான, நெகிழ்ந்த சங்கிலியில் தொங்கவிட்டால் புரதம் நிதானமாக உருண்டாலும் அணைவு தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும். கட்டு விறைப்பாக இருக்க வேண்டும். இன்னொன்று, 3 டெஸ்லாவுக்குப் போனால் மிகமிக நிதானமாக உருள்வதில் லாபம் குறைந்துவிடும். நடுத்தர நிதானமே நல்லது. பழைய ஆய்வுகளில் குறைந்த புலத்தில் அளந்த பெரிய எண்களைப் பார்த்து மயங்க வேண்டாம்.

"தண்ணி சீக்கிரம் மாறினா நல்லதா, மெதுவா மாறினா நல்லதா? ரெண்டு புத்தகம் ரெண்டு விதமா சொல்லுது."

ஒற்றை நாற்காலி முடிதிருத்தகத்தை நினையுங்கள். வெட்டி முடித்த ஆள் எழுந்திருக்காமல் அரசியல் பேசிக்கொண்டிருந்தால் வெளியே இருப்பவர்களுக்கு முறை வராது. பாதி வெட்டில் எழுந்து ஓடினாலும் பயனில்லை. டோட்டா அணைவில் ஒரு தண்ணீர் சுமார் 240 நானோவிநாடி உட்காருகிறது. அணைவு வேகமாக உருளும்வரை இது தடையாகத் தெரியாது. மேலே சொன்னபடி புரதத்தோடு கட்டி உருளலை நிதானப்படுத்திய பிறகுதான் இந்தத் தாமதம் வெளிப்படும். அப்போது பத்து இருபது நானோவிநாடி என்ற அளவுதான் தோது.

இதைத் திருகவும் வழி உண்டு. டோட்டா அணைவு இரண்டு வடிவத்தில் இருக்கும், கைகள் முறுக்கிக்கொள்ளும் கோணம்தான் வித்தியாசம். முறுக்கு குறைந்த வடிவத்தில் தண்ணீருக்கு இடம் நெருக்கம், ஆகவே பல பத்து மடங்கு சீக்கிரம் எழுந்துவிடும். வளையத்திலோ கைகளிலோ சரியான இடத்தில் ஒரு மெதில் தொகுதியை வைத்து அந்த வடிவத்துக்கே தள்ளிவிடலாம். வடிவமைப்பு என்ற சொல்லுக்கு உண்மையில் தகுந்த வேலை இதுதான் என்பது என் எண்ணம்.

"ஈரலுக்குன்னு தனி மருந்து இருக்காமே?"

உண்டு. டிடிபிஏ முதுகில் எத்தாக்சிபென்சைல் என்ற எண்ணெய்ப்பசைத் தொகுதியை ஒட்டினால், ஈரல் செல் அதைத் தன் சரக்கென்று நினைத்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. பாதி பித்தம் வழியாகவும் பாதி சிறுநீர் வழியாகவும் போகும். நல்ல ஈரல் வெளுக்கும், ஈரல் செல் இல்லாத கட்டி கறுப்பாகவே நிற்கும். கிலோவுக்கு 0.025 மில்லிமோல் போதும். ஐரோப்பாவில் தப்பிய சங்கிலி மருந்துகளில் இதுவும் ஒன்று.

"மத்த லாந்தனைடெல்லாம் அப்ப வேலைக்கு ஆகாதா?"

வேறு வேலைக்கு ஆகும். யூரோப்பியத்தின் மும்மை அயனியை டோட்டாவின் அமைடு வடிவத்தில் வைத்தால் தண்ணீர் மிக மெதுவாக இடம் மாறும். மேலே முடிதிருத்தகத்தில் குறையாகச் சொன்னதே இங்கே குணமாகிவிடுகிறது. உட்கார்ந்திருக்கும் தண்ணீர் தனி அதிர்வெண்ணில் தெரியும். அந்த அதிர்வெண்ணில் மட்டும் ரேடியோ அலை கொடுத்தால் சுற்றியுள்ள தண்ணீரின் சமிக்ஞை குறையும். வேண்டும்போது போட்டு, வேண்டாதபோது அணைக்கும் விளக்கு மாதிரி.

யூரோப்பியம் இரட்டை நேர் அயனியாகும்போது அதற்கும் 4எஃப் ஏழு எலக்ட்ரான், கடோலினியத்தின் இரட்டைப்பிள்ளை. ஆக்சிஜன் பட்டதும் மும்மை அயனியாகி டி1 வேலையை நிறுத்திவிடும். ஆக்சிஜன் குறைந்த திசுவைக் கண்டுபிடிக்க இதைப் பயன்படுத்தப் பார்க்கிறார்கள். இரண்டுமே ஆய்வுக்கூட நிலையில்தான் உள்ளன, மருந்துக்கடைக்கு வரவில்லை.

"உடம்புல இருந்து போனது எங்க போகும்? நம்ம குளத்துக்கா?"

சிறுநீரோடு சாக்கடைக்கு. நன்றாகக் கட்டிய அணைவு கழிவுநீர்ச் சுத்திகரிப்பிலும் பிரியாமல் அப்படியே ஆற்றுக்குப் போய்விடுகிறது. பெர்லின் பகுதி ஆறுகளில் கடோலினியம் மட்டும் இயற்கை அளவை மீறி இருப்பதை 1996-இல் காட்டினார்கள். உடம்புக்குள் நமக்கு வரமான உறுதி வெளியே வந்தபின் தலைவலியாகிறது. பழையாற்றிலும் பார்வதிபுரம் பக்கத்துக் குளங்களிலும் அளந்து பார்க்கலாமே என்று ஒவ்வொரு வருடமும் வகுப்பில் சொல்கிறேன். அதற்கான கருவி நம் கல்லூரியில் இல்லை என்பது பிள்ளைகளுக்கும் தெரியும்.

"ரெண்டு தண்ணி உட்கார்ற மாதிரி ஒரு புது ஈனி வரைஞ்சிருக்கேன். தளர்வுத்திறன் இரட்டிக்கும்லா? இதையே புராஜெக்ட்டா எடுக்கலாமா?"

எடுக்கலாம். ஆனால் எட்டுப் பிடியில் ஒன்றைக் கழித்துத்தான் இரண்டாவது நாற்காலி போட முடியும். பிடி ஏழானால் உலோகம் தப்பும் வாய்ப்பு கூடும். போதாததற்கு அடுத்தடுத்துள்ள இரண்டு நாற்காலியில் பாஸ்பேட், கார்பனேட் போன்றவை கால்நீட்டிப் படுத்துத் தண்ணீரையே துரத்திவிடும். இந்த இரண்டையும் தாண்டிய மருந்து உண்டு: 2022-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கடோபிக்லினால். பிரிடின் சேர்ந்த விறைப்பான வளையம், இரண்டு தண்ணீர், தளர்வுத்திறன் சுமார் 12, ஊசி அளவு வழக்கத்தில் பாதி. உங்கள் வரைபடத்தில் வளையமே இல்லை, மூன்று நைட்ரஜன் சங்கிலிதான் இருக்கிறது. கயிறு அவிழும் கதையை இன்னொரு முறை படியுங்கள்.

வேலை வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் லாந்தனத்தையோ இட்ரியத்தையோ வைத்து அணைவு செய்யுங்கள், காந்தத் தொல்லை இல்லாமல் என்எம்ஆர் கிடைக்கும். பிறகு கடோலினியம். தளர்வுத்திறனை வெறும் தண்ணீரில் மட்டும் அளக்காமல் பாஸ்பேட் பஃபரிலும் அளந்து பாருங்கள், நாற்காலி காலியாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும். அடுத்து பாஸ்பேட்டும் துத்தநாகமும் சேர்த்து மூன்று நாள் வைத்துத் தளர்வு வேகம் இறங்குகிறதா என்று குறித்து வாருங்கள். இறங்கினால் துத்தநாகம் இடம்பிடித்துவிட்டது, கடோலினியம் பாஸ்பேட்டாகப் படிந்துவிட்டது என்று பொருள். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் சைலினால் ஆரஞ்சு இரண்டு சொட்டு. டீ அதற்கப்புறம் வாங்கலாம்.